கல்லும் சுவரும் துளையும்: விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம்

பேட்டரியில் ஓடும் ரோட்டரி ஹேமர் ஒன்றை வாங்குவதற்கு முன், அது துளைக்கப்போகும் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கு ஒரே விடை கிடையாது. விழுப்புரம் நகரத்தில் தொடங்கி வடமேற்கே செஞ்சிக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திண்டிவனத்தை அடைந்து, பிறகு தெற்கே கூட்டேரிப்பட்டு, மயிலம் வழியாகத் திருவக்கரையில் முடிக்கும் சுற்று ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சூளைச் செங்கல், சிமெண்ட் கல், சுண்ணாம்புக் காரை, கம்பி கட்டிய கான்கிரீட், கருங்கல் என்று துளைக்கருவியைச் சோதிக்கக்கூடிய பொருள்கள் எல்லாம் இந்தச் சுற்றுக்குள் வந்துவிடுகின்றன. பஸ்ஸிலேயே போகலாம். மண்டகப்பட்டில் இறங்கி, பார்த்து, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைக்கு ரயில் பிரிகிறது. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு இது மாவட்டத் தலைநகரானது முதல் ஊரின் ஓரங்களில் வீடுகள் பெருகியபடி இருக்கின்றன. அவற்றில் கட்டி முடியும் தறுவாயில் இருக்கும் எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும், அது ஒரே பொருளால் ஆனதாக இருக்காது. பில்லரும் பீமும் லிண்டலும் கான்கிரீட். எம்-20 என்று சொல்லப்படும் சாதாரணக் கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கவேண்டும். நடுவில் எழுப்பிய சுவர் செங்கல்லானால், இந்தியத் தர நிர்ணயத்தின் கடைசி வகுப்புச் செங்கல்லுக்கு 3.5 நியூட்டன் போதும். மாடியில் எடை குறையட்டும் என்று வைக்கும் ஏ.ஏ.சி. பிளாக்கின் வலிமையும் அதே அளவில்தான் நிற்கும். எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரியான சிமெண்ட் பூச்சு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே எது என்று தெரியாது. ஓரடி தள்ளித் துளைத்தால் கடினம் ஐந்தாறு மடங்கு மாறிவிடும்.

இந்த மாற்றம் முதலில் வெளிப்படும் இடம் ஜன்னலின் தலைப்பக்கம். திரைச்சீலைக் கம்பியின் கொக்கியைப் பொருத்த வருபவர் கொண்டுவரும் 13 மி.மீ. இம்பாக்ட் டிரில், சுவரில் மற்ற இடங்களில் வெண்ணெயாய் இறங்கும். லிண்டலில் பூச்சைத் தாண்டியதும் நின்றுவிடும். ஆள் உடம்பின் எடையையெல்லாம் கொடுத்து அழுத்துவார், பிட்டின் முனை சிவக்கும், துளை அரை அங்குலத்தோடு நிற்கும். பிறகு அந்த அரை அங்குலத்துக்குள் ராவல் பிளக்கை வெட்டிச் செருகி, திருகை முடுக்கி, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆறு மாதத்தில் கம்பி திரைச்சீலையோடு கீழே வரும். ரோட்டரி ஹேமரின் தேவை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இரண்டு கருவிகளும் அடித்துக்கொண்டே சுழல்கின்றன என்றாலும் அடியின் பிறப்பு வேறு. இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு உலோகத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தட்டல் கிடைக்கும். ஒவ்வொன்றும் மிகச் சிறியது. அதற்கும் பின்னாலிருந்து ஆள் தள்ள வேண்டும். ரோட்டரி ஹேமருக்குள் மோட்டாரின் சுழற்சியை ஒரு சாய்ந்த வளையம் முன்பின் அசைவாக மாற்றி ஒரு பிஸ்டனை ஓட்டுகிறது. பிஸ்டனுக்கும் அதன் முன்னிருக்கும் இரும்புத் துண்டுக்கும் இடையில் அடைபட்ட காற்று அழுந்தி, விரிந்து, அந்தத் துண்டை எறிகிறது. அது போய் பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தள்ளாமல் நடுவில் காற்று நிற்பதால் அதிர்ச்சி முழுவதும் கைக்குத் திரும்புவதில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1932-இல் மின்சாரத்தில் ஓடும் இவ்வகைச் சுத்தியலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று விற்கும் எல்லாக் கம்பெனி மெஷினுக்குள்ளும் அடிப்படை அதுதான். நிமிடத்துக்கு நான்காயிரம் ஐயாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொன்றும் துளைக்கப் பயன்படும் அடி.

கான்கிரீட்டுக்கு அந்த அடி ஏன் வேண்டும்? கான்கிரீட்டில் பாதிக்கு மேல் ஜல்லியும் மணலும். சிமெண்ட் பசையை எந்தப் பிட்டும் சுரண்டிவிடும், 20 மி.மீ. கருங்கல் ஜல்லியைச் சுரண்ட முடியாது, நொறுக்கத்தான் முடியும். கல் அழுத்தத்தைத் தாங்கும், திடீர் அடியில் தெறிக்கும். தெறித்த தூளைப் பிட்டின் முறுக்குக் காடி வெளியே வாரிவிட வேண்டும். அடிக்க, கொஞ்சம் திருப்ப, தூளை எடுக்க: கல்லில் துளை போடும் வேலை எந்தக் காலத்திலும் இந்த மூன்றுதான்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிச் சாலையில் ஏறக்குறைய 20 கி.மீ. போனால் மண்டகப்பட்டு. சாலையிலிருந்து சிறிது தூரம் உள்ளே, ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் எடுத்த குடைவரை இருக்கிறது. காலம் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. முன்மண்டபத்தில் கனமான சதுரத் தூண்கள். இருபுறமும் வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே மூன்று கருவறைகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு மன்னன் இந்த இருப்பிடத்தைச் செய்வித்தான் என்று வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. கட்டடப் பொருள்களைப் பட்டியல் போட்டு, அவை எதுவும் வேண்டாம் என்று அறிவித்த கட்டடம் தமிழ்நாட்டில் இதைப்போல் வேறொன்று சொல்வது கடினம். சுவரில் ஆணியடிக்கும் தொழிலில் இருப்பவர் ஒருமுறை வந்து பார்க்கவேண்டிய இடம்.

பொருளில் உலோகம் இல்லையே தவிர, கருவியில் இருந்தது. இரும்பு உளியும் சுத்தியலும் இல்லாமல் இந்தப் பாறை உள்வாங்கியிருக்காது. பெரும் பரப்பை எப்படி எடுத்தார்கள் என்பதை மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குகைகள் காட்டுகின்றன: பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு இடையே ஆழமாகக் காடி வெட்டி, தனித்து நிற்கும் சதுரத்தைத் தட்டி உடைத்திருக்கிறார்கள். உளி பழுதானால் உலைக்குப் போய்த் தீட்டிக்கொண்டு வரவேண்டும். பிற்காலக் குவாரிகளில் வெடிமருந்துக் குழிக்காக ஜம்பர் என்ற நீண்ட எஃகுக் கம்பியைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கையால் ஒரு திருப்பு. அந்தத் திருப்பு தப்பினால் குழி வட்டமாக வராது, கம்பி கவ்விக்கொள்ளும். ரோட்டரி ஹேமர் இதே வேலையை வினாடிக்கு எழுபது எண்பது தடவை செய்கிறது.

கருங்கல்லின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 100 முதல் 200 நியூட்டனுக்கு மேலும் போகும். சாதாரணக் கான்கிரீட்டைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு. இந்த வட்டாரத்தில் இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. பழைய வீடுகளின் அடித்தளம், கிணற்றுச் சுவர், வயல்வெளிக் கல் வேலிக்கால், வாசற்படி எல்லாம் கருங்கல். கேட்டுக்குக் கீல் பொருத்தவோ, கல்தூணில் கம்பிவலை கட்டவோ துளை கேட்பவர் நிறைய. அத்தகைய துளைக்குப் பேட்டரி மெஷின் போதுமா என்றால், 6, 8, 10 மி.மீ. அளவில் இரண்டு மூன்று துளைக்குப் போதும். 16 மி.மீ. துளை வரிசையாக வேண்டுமென்றால் அதை வாங்கக் கூடாது. ஒயர் உள்ள பெரிய மெஷினும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுப்பதே கட்டுப்படியாகும்.

எவ்வளவு பெரிய மெஷின் என்பதைக் கடைகளில் வோல்ட்டில் சொல்கிறார்கள். அது பேட்டரிக்குள் எத்தனை செல் அடுக்கியிருக்கிறது என்பதன் கணக்கு மட்டுமே. 3.6 வோல்ட் செல் ஐந்தை வரிசையில் சேர்த்தால் 18. அதே ஐந்து செல் முழுச் சார்ஜில் 20 வோல்ட்டைத் தொடும் என்பதால் சில கம்பெனிகள் பெட்டியில் 20 என்று அச்சிடுகின்றன. இரண்டும் ஒன்றுதான், அந்த இரண்டு வோல்ட்டுக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்கத் தேவையில்லை. பார்க்கவேண்டிய எண் ஜூல், அதாவது ஓர் அடியில் இருக்கும் ஆற்றல். ஒரு கிலோ எடையை 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் தரையில் படும்போது ஏறத்தாழ 2 ஜூல். கையடக்கமான 12 வோல்ட் மெஷின்கள் 1 ஜூலை ஒட்டி நிற்கும். 18 வோல்ட் வகையில் மகிட்டாவின் டி.எச்.ஆர். 242 போன்றவை 2 ஜூல், பாஷின் ஜி.பி.எச். 18வி-26 போன்றவை 2.6 ஜூல். அளவை ஐரோப்பியக் கருவி உற்பத்தியாளர் சங்கமான எப்டாவின் முறைப்படி எடுத்திருந்தால்தான் ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடலாம். வெறுமனே ஜூல் என்று மட்டும் போட்டிருக்கும் மலிவு மெஷினின் எண்ணை நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

வீட்டு வேலை, மின்வேலை, பிளம்பிங், ஏ.சி. பொருத்துதல், கேமரா, சோலார் தாங்கி ஆகியவற்றுக்கு 2 முதல் 2.6 ஜூல் வரை உள்ள 18 வோல்ட் மெஷின் சரியான இடம். அதற்குக் கீழே போனால் லிண்டலில் மறுபடி அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். மேலே போனால் எடை ஏறும். பேட்டரியோடு மூன்று, மூன்றரைக் கிலோ இருக்கும் ஒன்றையே ஏணிமேல் நின்று தளத்தை நோக்கித் தூக்கிப் பிடிப்பது எளிதல்ல. ஐந்து கிலோ மெஷினைப் பிடித்துக்கொண்டு மின்விசிறிக் கொக்கிக்குத் துளை போட்டவர் அடுத்த அறைக்கு வரமாட்டார்.

செஞ்சி இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்துச் சுற்றிய மதில் பெரும்பாலும் கல். மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற இடம். ஆனால் உள்ளே கல்யாண மகாலும் களஞ்சியங்களின் வளைவுக் கூரைகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. இதே சேர்மானத்தில் கட்டிய குடியிருப்புகள் செஞ்சி, திண்டிவனம் பழைய தெருக்களில் இன்னும் இருக்கின்றன. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, மெல்லிய செங்கல் சுவர், வழவழப்பான காரைப் பூச்சு. இங்கே ரோட்டரி ஹேமரின் பலம்தான் ஆபத்து. சுண்ணாம்பு மெல்ல இறுகுவது, மென்மையாகவே இருப்பது. இரண்டு ஜூல் அடி பட்டால் பூச்சு தாம்பாளம் தாம்பாளமாக விடுபடும். துளை 8 மி.மீ. கேட்டால் 20 மி.மீ. பள்ளம் கிடைக்கும்.

ஆகவே அடியை நிறுத்திச் சுழற்சியை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி மெஷினில் கட்டாயம் இருக்கவேண்டும். பெரும்பாலானவற்றில் இருக்கிறது. சுழற்சி மட்டும், அடியோடு சுழற்சி என்ற இரண்டு நிலைகளோடு, சுழலாமல் அடி மட்டும் என்ற மூன்றாவது நிலையும் சிலவற்றில் உண்டு. மூன்றாவது இருந்தால் சிறிய உளியை மாட்டி ஓடு பெயர்க்கலாம், ஸ்விட்ச் பெட்டிக்குச் சுவரில் பள்ளம் எடுக்கலாம். வாங்கும்போது விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் மூன்று நிலை உள்ளதையே எடுப்பது நல்லது. மெட்ராஸ் டெரஸ் வீட்டின் சுண்ணாம்புச் சுவரிலும், உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கிலும், ஏ.ஏ.சி. பிளாக்கிலும் முதல் நிலைதான் வேலைக்கு ஆகும். ஹாலோ பிளாக்கின் மெல்லிய ஓடு அடியில் உட்புறமாகச் சிதறிவிடும், ராவல் பிளக்குக்குப் பிடிமானம் இருக்காது. விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழலும்படியான கட்டுப்பாடும் இங்கே தேவைப்படும்.

கோட்டைச் சுவரில் துளை போடுவது பற்றி யாரும் யோசிக்க வேண்டாம். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். கோட்டையடியில் வீடு வைத்திருப்பவர்கள் மாடி எடுக்கும் முன் மெஷினைவிட இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் 28 கி.மீ. சாலையின் இருபுறமும் மணிலாக்கொட்டையும் நெல்லும் மாறி மாறி வரும். இடையிடையே குன்றுகள், உருண்டைப் பாறைக் குவியல்கள், அவற்றினடியில் ஒன்றிரண்டு கான்கிரீட் வீடுகள். மோட்டார் கொட்டகை வயலுக்கு நடுவில் இருக்கிறது. விவசாய மின்சாரத்துக்கு நேரம் உண்டு. பாதி கட்டிய வீட்டில் மீட்டரே வந்திருக்காது. நூறு அடி ஒயரை இழுத்துப் பக்கத்து வீட்டில் செருகி, அவர்களிடம் பேச்சு வாங்கி நிற்கும் வேலையை மிச்சப்படுத்துவதுதான் பேட்டரி மெஷினின் உண்மையான பயன். விலை ஒயர் மெஷினைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஒரே பட்டறையில், பிளக் பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்கு இந்தக் கூடுதல் காசு வீண்.

திண்டிவனத்தில் நான்கு பக்கச் சாலைகளும் கூடுகின்றன: சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. இந்தச் சந்திப்பூர் எலக்ட்ரீஷியனுக்குக் காலையில் மரக்காணம் பக்கம் ஒரு வேலை, மாலையில் செஞ்சி பக்கம் இன்னொன்று. அவர் வாங்குவது மெஷின் என்று நினைத்துக்கொண்டாலும், உண்மையில் வாங்குவது பேட்டரி வரிசையை. ஒரு கம்பெனியின் பேட்டரி பொதுவாக இன்னொரு கம்பெனியின் மெஷினில் ஏறாது. ஏற்கெனவே ஏதாவது கம்பெனியின் ஸ்க்ரூ டிரைவரோ கிரைண்டரோ 18 வோல்ட்டில் இருந்தால், அதே வரிசையில் பேட்டரி இல்லாத ரோட்டரி ஹேமரை மட்டும் வாங்குவதே லாபம். ஜூலில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை.

பேட்டரியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 90 வாட்-மணி. மெஷின் கான்கிரீட்டில் ஓடும்போது 400, 500 வாட் இழுக்கும் என்று வைத்தால், விசையை அழுத்தியிருக்கும் நேரம் பதினொன்றிலிருந்து பதின்மூன்று நிமிடம். 8 மி.மீ. அகலத்தில் 50 மி.மீ. ஆழத் துளைக்குப் பத்துப் பதினைந்து வினாடி ஆகுமென்றால் நாற்பது ஐம்பது துளையாவது வரும். ஒரு வீட்டு வேலைக்குத் தாராளம். கெமிக்கல் ஊற்றி 12 மி.மீ. கம்பி நடுவதற்கு 16 மி.மீ. துளை என்றால் கணக்கு சட்டென்று கவிழும். துளையின் பரப்பு நான்கு மடங்கு, ஆழமும் கூட. 2 ஆம்பியர்-மணி பேட்டரியோடு வரும் மலிவுப் பெட்டியை ரோட்டரி ஹேமருக்கு வாங்கக் கூடாது. செல் வரிசை ஒன்றே ஒன்று இருப்பதால் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே போகும். சூடேறி, பாதுகாப்புச் சுற்று அடிக்கடி நிறுத்திவிடும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இதே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், பிரஷ் மாற்றும் வேலையும் இல்லை. அதன் மின்னணுப் பலகை போனால் செலவு பெரிது என்பதும் உண்மை. தினமும் ஓட்டுபவருக்கு அது வரவு, எப்போதாவது எடுப்பவருக்குத் தேவையில்லாத செலவு.

கத்திரி வெயில்தான் இவ்வூரில் பேட்டரிக்கு எதிரி. பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளைச் செல் 40, 45 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது சார்ஜர் ஏற்றாது. மே மாதம் பைக்கின் பெட்டியில் மதியம் முழுக்கக் கிடந்த பேட்டரியைக் கொண்டுபோய்ச் செருகினால் விளக்கு சிவப்பாகவே நிற்கும். பலர் சார்ஜர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நிழலில் அரைமணி வைத்தால் தானே ஏறத் தொடங்கும்.

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் மெஷின் கொண்டுவருவதும் வழக்கம். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளின் மின்னழுத்தம் இங்குள்ளதை ஒத்ததே. சார்ஜரின் பிளக் மட்டும் பொருந்தாது. அமெரிக்காவில் வாங்கிய சார்ஜரை இங்கே நேரடியாகச் செருகினால் எரிந்துபோகலாம். தனிப் பேட்டரியைப் பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்ப விமான விதி இடம் தராது, கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரி இந்த வரம்புக்குள் அடங்கும். 6 ஆம்பியர்-மணி 108 வாட்-மணி ஆகிவிடுவதால் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இந்திய உத்தரவாதம் அந்த மெஷினுக்குச் செல்லுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

பேட்டரியில் ஓடும் ரோட்டரி ஹேமரைப் பாஷ் 1984-இல் கொண்டுவந்தது. ஆனால் அடித்துச் சுழலும் பேட்டரித் துளைக்கருவி அதற்கு முன்பே நிலாவுக்குப் போய்விட்டது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் வெப்பமானிகளைப் புதைக்க வெள்ளி-துத்தநாகப் பேட்டரியில் ஓடும் கருவியால் துளையிட்டார். மூன்று மீட்டர் இறங்க வேண்டியது பாதியிலேயே மாட்டிக்கொண்டது. சக்தி போதாமை காரணமல்ல. தண்டுகளின் இணைப்பில் முறுக்குக் காடி தொடர்ச்சியாக இல்லாததால் தூள் மேலே ஏறவில்லை. அடுத்த பயணத்துக்குள் தண்டை மாற்றியமைத்தார்கள். முப்பதாயிரம் ரூபாய் மெஷினில் நடைபாதையில் வாங்கிய பிட்டை மாட்டுபவருக்கும் இதேதான் நேர்கிறது.

பிட்டின் பின்பகுதி எஸ்.டி.எஸ். பிளஸ் வகையாக இருக்கவேண்டும். 10 மி.மீ. தண்டில் நான்கு காடிகள். சக்குக்குள் சாவியில்லாமல் செருகினால் பூட்டிக்கொள்ளும், ஆனாலும் முன்பின் அசைய இடம் இருக்கும். 1975-இல் வந்த இந்த அமைப்பை இன்று எல்லாக் கம்பெனியும் பின்பற்றுவதால் பிட்டை எங்கும் வாங்கலாம். 18 மி.மீ. தண்டுள்ள எஸ்.டி.எஸ். மேக்ஸ் பெரிய உடைப்பு மெஷின்களுக்கானது, இதில் ஏறாது. செருகுமுன் தண்டில் துளி கிரீஸ் தடவுவது சக்கின் ஆயுளைக் கூட்டும். இதைச் செய்பவர் குறைவு. நுனியில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு. பட்டையாக ஒரே ஒரு துண்டு வைத்த பிட், கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தொட்டால் முனை உடையும். குறுக்காக நான்கு வெட்டு முனை உள்ளது கம்பியின் ஓரத்தில் மாட்டாமல் நழுவி வரும். துளை அளவு சரியாக வரவேண்டிய ஆங்கர் போல்ட் வேலைக்கு, ஜெர்மன் சோதனைக் கழகத்தின் பி.ஜி.எம். முத்திரை உள்ள பிட் நம்பகமானது. 10 மி.மீ. என்று விற்கும் மலிவு பிட் 10.8 மி.மீ. துளை போட்டால் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? கட்டட விதியான ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்கிறது. மரக்காணம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் அதிகம் வேண்டும். தளத்தில் 40 மி.மீ. துளை போடுபவர் கம்பியைச் சந்திக்க வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். ஒலி மாறி, தூள் வெண்மையிலிருந்து கருப்பாகி, மெஷின் முன்னேறாமல் நின்றால் கம்பிதான். அங்கே அழுத்தக் கூடாது. இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை. பிட் திடீரென்று மாட்டிக்கொண்டால் மெஷின் கையை முறுக்கும். உள்ளே இருக்கும் கிளட்ச் நழுவி விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வேலை செய்பவரின் மணிக்கட்டை அந்தக் கிளட்ச் மட்டும் காப்பாற்றாது.

திண்டிவனத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே வந்து கூட்டேரிப்பட்டில் கிழக்கே திரும்பினால் மயிலம். குன்றின்மேல் முருகன் கோயில். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்கே ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கள் ஆயின. பறந்துபோன தகரக் கூரையைத் திரும்பப் பொருத்த, நீர்த்தொட்டிக்குக் கட்டு போட, மின்சாரம் வரும்வரை காத்திருக்க முடியாது. சார்ஜ் ஏற்றிய பேட்டரி இரண்டு வைத்திருந்தவர் அந்த வாரம் தேடப்பட்டிருப்பார். நனைந்த சுவரில் வேலை செய்யும்போது வீட்டு மின்சாரத்தின் அதிர்ச்சி மெஷின் வழியாக வராது என்பதும் 18 வோல்ட்டின் நன்மை. ஆனால் சுவருக்குள் ஓடும் மின்கம்பியைத் துளைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மயிலத்திலிருந்து திருவக்கரைக்குப் போகும் வழியில் லாரிகள் கூடுகின்றன. வானூர் வட்டத்துக் குவாரிகளும் கிரஷர்களும் இங்கேதான். விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துக் கட்டடங்களுக்குள் இருக்கும் ஜல்லியில் கணிசமான பங்கு இந்தப் பாறையிலிருந்து போவது. கருநீல நிறச் சார்னோகைட் பாறை. சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் இதே வகைதான். லிண்டலில் பிட்டை நிறுத்திய கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இங்கே பதில் மலைமலையாகக் குவிந்திருக்கிறது. அருகிலேயே ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரங்களின் தேசியப் பூங்கா. பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னேரா 1781-இல் எழுதிவைத்த மரங்கள். இவற்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவருகிறது.

கிரஷர்களைத் தாண்டும்போது சாலையோர மரங்களின் இலை வெளுத்திருக்கும். அந்த வெள்ளைத் தூளில் படிகச் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்தான் நுரையீரலின் அடிக்குப் போய்த் தங்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே சிலிக்கோசிஸ் அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது. வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. லிண்டலில் துளை போடும்போது தலைக்குமேலிருந்து முகத்தில் விழுவதும் அதே கல்லின் தூள். கைக்குட்டை கட்டினால் பெரிய மணல்தான் நிற்கும். என்-95 முகமூடி வேண்டும். பிட்டைச் சுற்றித் தூளை இழுத்துக்கொள்ளும் பெட்டி சில மெஷின்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. எடை சற்று ஏறும், மோட்டாரின் சக்தியில் கொஞ்சம் அதற்குப் போகும், ஏ.சி. பொருத்துபவர்களுக்கு வீட்டுக்காரரின் திட்டிலிருந்தும் விடுதலை.

அதிர்வுக்கும் அளவு உண்டு. எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரி 2.5 மீட்டர்/வினாடி² எட்டினால் முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. மெஷின் கையேட்டில் கான்கிரீட் துளையிடலுக்கு 12 என்று போட்டிருந்தால், ஒரு நாளில் விசையை அழுத்தியிருக்கும் நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டும்போது முதல் எல்லையும், ஒரு மணி இருபது நிமிடத்தைத் தாண்டும்போது இரண்டாவது எல்லையும் கடந்துவிடும். ஆண்டுக்கணக்கில் தாண்டுபவரின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும். வீடுகளில் துளை போடுபவருக்கு இந்த எல்லை எட்டாது. 5 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தீர்த்தால்தான் முதல் எல்லை வரும். ஆங்கர் போல்ட் வேலையை நாள் முழுக்கச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, கைப்பிடியில் அதிர்வு தாங்கி வைத்த, கையேட்டில் அந்த எண் குறைவாக உள்ள மெஷினை வாங்கித் தருவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. இரண்டு ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவதும் அவர் கையில்தான் இருக்கிறது.